ஏழாம் மாடிதான் என் ஊர்

மர்ஃபி டவுன் பார்லரில்
ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர்.
டென்சில் அங்கிள் காசை வாங்கி டப்பாவில் போடுவார்.
பெண்பிள்ளைகள் வாசல்படிக்கு இப்பால்.
யாரும் சொன்னதில்லை, படியே சொல்லிவிடும்.

எனக்கு அந்த ஆட்டம் என்பது
பையன்களின் தோள்களுக்கு மேல் எஞ்சிய இடம்:
ஒரு நிலா, ஸ்கோர்,
மொட்டைமாடியில் காயும் இரண்டு சட்டை.
மற்றதெல்லாம் செல்வினின் பிடரி.

பெட்டியின் மேல் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்தது.
ஏணிக்காரன் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.
தரையிலிருந்து கிளம்புவானாம்.
பூந்தொட்டிகள் விழுமாம், படி வழுக்குமாம்.
எல்லாம் கேள்விதான்.
கைத்திறமை உள்ளவனிடம் மாட்டினால்தான்
ஏழாம் மாடிவரை வருவான்.
ஏழாம் மாடிதான் என் ஊர்.
ஒரு மாலை முழுக்க நின்றால்
நாலு முறை தெரியும் அவன் தொப்பி.
ஆறு மணிக்குக் கரண்ட் போகும்,
நிலாவையும் கூட்டிக்கொண்டு.

இப்போது பெலந்தூரில்
ஏசி குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு
அதே ஆட்டத்தை மறுபடி செய்கிறோம்.
சுவர், வானம், பின்னணி என் பொறுப்பு.
"அரைச்ச மாவையே அரைக்கிறீங்க" என்கிறான்
கிரைண்டர் கல்லைக் கழுவியபடி என் கணவன் நம்பி.
சரிதான்.
முதல் ஈடு எல்லார் தட்டுக்கும் வந்ததா
என்றுதான் அவன் கேட்கவில்லை.

பழைய போர்டிலிருந்து
படம் முழுசாக வெளியே வந்த அன்று
நேரே கீழே போனேன்.
தரை பச்சை. சாம்பல் என்றே நினைத்திருந்தேன்.
ஏணியின் காலடியில்
ஒரு நாய்.
பதினாறு புள்ளி அகலம், அதில் வாலுக்கு நாலு.
குரைப்பதில்லை, கடிப்பதில்லை,
தொட்டால் பாயிண்டும் இல்லை.
தலையைத் தூக்கி
மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பது வருஷம், ஒருத்தன் சொல்லவில்லையே!
கோபத்தில் செல்வினைக் கூப்பிட்டேன்.
மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான்.
"நாயா? எந்த நாய்?
ஏறுறவன் எவண்டி கீழ பாப்பான்?
ஒரு ரூபாடி அது!"

முன்னால் நின்றவனுக்குப் பயம் மறைத்தது,
பின்னால் நின்றவளுக்கு அவன் பிடரி.
பிறகு யாருக்காக வரைந்தான்
கடைசித் திரையில்கூடப் பெயர் போட
இடம் கிடைக்காத அந்த ஒருவன்?

மீட்டிங்கில் அனிர்பன் கேட்டான்,
"இந்த நாய்க்கு என்ன வேலை?"
ஒன்றுமில்லை.
"யாருக்காவது ஞாபகம் இருக்கா?"
யாருக்குமில்லை.
"அப்புறம் எதுக்கு?"
அதுக்குத்தான் என்றேன்.
பேனா மூடியைக் கடித்தபடி யோசித்து
'இருக்கட்டும்' என்று குறித்துக்கொண்டான்.

ஒன்றை அவனிடம் சொல்லவில்லை.
மொட்டைமாடியில் காய்ந்தவை சட்டைகள் அல்ல,
ஆன்டெனாக்கள்.
கோடி நிறம் கையில் இருந்தும்
நான் சட்டையாகவே வரைந்தேன்.
ஒன்றுக்குப் பொத்தான்கூட வைத்தேன்.

போன சனிக்கிழமை
ஆடிப் பார்க்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி,
ருஹானா, ஹொரமாவுக்காரி, எட்டு வயசு.
ஏணிக்காரனை இரண்டடி நடத்தினாள்,
நாயின் பக்கத்தில் நிறுத்தினாள்,
அவ்வளவுதான்.
ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம்.
தொட்டிகள் தள்ளி விழுந்து உடைந்துகொண்டிருந்தன.
"ஏறு, ஏறு" என்று அனிர்பன் காலை ஆட்டினான்.
அவள் என் பக்கம் திரும்பி
"இதர ஹெஸரேனு?" என்றாள்.

பெயரா?
எந்த டப்பாவிலும் காசு விழவில்லை.
கரண்ட் இருந்தது.
யோசித்துச் சொல்கிறேன், நில் என்றேன்.
நின்றாள்.